திறக்க மறுக்கும் டி டிரைவ்

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அறிஞர் அண்ணாவின் பிறந்த தினத்தன்று, திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த லட்சக்கணக்கான யந்திரங்களை மாணவர்களின் கைகளில் கொண்டு சேர்த்தபோது, கரிசல் நிலத்துப் பருத்தியை நம்பி வாழும் பேரையூர் தாலுகாவின் கிராமங்களிலும், அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டறியாத பல வீடுகளில் ஒரு மடிக்கணினி வந்து அமர்ந்தது. அந்த யந்திரங்களில் பெரும்பாலோர் கவனியாத ஒரு விசேஷம் இருந்தது. விண்டோஸோடு, சென்னையிலுள்ள சி-டாக் ஸ்தாபனம் டெபியன் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் அதே ஹார்ட் டிஸ்க்கில் பக்கத்துப் பக்கத்தில் நிறுவப்பட்டிருந்தது. பொத்தானை அழுத்தியதும் திரையில் ஒரு பட்டியல் தோன்றும். மாணவன் அம்புக்குறியை நகர்த்தி, இரண்டில் தனக்கு வேண்டியதைத் தேர்ந்து கொள்வான். இரட்டை இயங்குதளம் என்னும் இந்த ஏற்பாட்டை வேறெங்கும் ஆர்வலர்கள் தாமாகத் தேடிப் போய்ச் செய்துகொள்ள, தமிழ்நாட்டுப் பிளஸ் டூ மாணவர்களுக்கு அது அரசாங்கத்தின் கொடையாகவே வந்து சேர்ந்தது.

இத்தகைய கம்ப்யூட்டர்களில் நாளடைவில் தோன்றும் கோளாறுகளுள் மிகவும் பழக்கமானது எதுவென்றால், பாடக் குறிப்புகளும் புராஜெக்ட் கோப்புகளும் வீட்டு விசேஷங்களின் புகைப்படங்களும் அடங்கிய பகுதி, நேற்று வரை ஒழுங்காகத் திறந்து வந்தது, இன்று லினக்ஸிலிருந்து சொடுக்கினால் திறக்க மறுத்து, மௌன்ட் செய்ய இயலவில்லை என்ற பொருள்பட ஒரு நீண்ட செய்தியைக் காட்டி நின்றுவிடுவதுதான். “அண்ணே, டி டிரைவ் ஓப்பனே ஆக மாட்டேங்குது” என்று யந்திரத்தைச் சர்வீஸ் கடையில் கொண்டுபோய் வைத்தால், “டிஸ்க் போயிருச்சு தம்பி, ஃபார்மேட் அடிச்சுப் பாத்துருவோம்” என்ற பதில் அநேகமாகத் தயாராக இருக்கும். அதை நம்பாதவர்கள் டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக மதுரைக்குப் பஸ் ஏறுவார்கள். அங்கும் சில கடைகளில் இதே பதில்தான், கட்டணம் மட்டும் சற்றுக் கூடுதல்.

‘படிக்க முடியவில்லை’ என்னும் சொற்கள் டிஸ்க்கின் மீது கூறப்பட்ட தீர்ப்பைப் போல ஒலித்தாலும், நுணுகிப் பார்த்தால் அவை படிக்க முயன்று தோற்ற இயங்குதளத்தின் வாக்குமூலமே ஆகும். மின் இணைப்பு, அதற்கு மேல் டிஸ்க்கோடு பேசும் கன்ட்ரோலர், அதற்கு மேல் பிரிவுகளின் எல்லையைக் கூறும் அட்டவணை, அதற்கு மேல் கோப்புகளின் இருப்பிடத்தைக் கூறும் கோப்பு முறைமை, சில யந்திரங்களில் அதற்கும் மேல் ஒரு பூட்டு என்று பல படிகளைக் கடந்தே ஒரு புகைப்படம் திரைக்கு வருகிறது. இவற்றுள் எந்தப் படியில் தடை ஏற்பட்டாலும் பயனாளியின் கண்ணுக்குத் தெரிவது ஒரே விதமான மறுப்புச் செய்திதான். எந்தப் படி மறுத்தது என்று விசாரியாமல் ஃபார்மேட் செய்வது வைத்தியமாகாது. மறுப்புக்குக் காரணமான சாட்சியங்களையும் சேர்த்து அழிக்கும் காரியம் அது.

விசாரணையில் முதலில் சந்தேகத்துக்கு ஆளாக வேண்டியது விண்டோஸின் ஷட் டவுன் பொத்தான். காக்களூரில் விழா நடந்த அதே 2011 செப்டம்பர் மாதத்தில்தான் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், தன் வரவிருந்த விண்டோஸ் 8-இல் கம்ப்யூட்டர் மிக விரைவாகத் தொடங்குவதற்கான ஓர் உபாயத்தைக் கண்டிருப்பதாக உலகுக்கு அறிவித்தது. அந்த உபாயத்தின் சூட்சுமம் இதுதான்: பயனாளி ஷட் டவுன் செய்யும்போது அவர் திறந்து வைத்த நிரல்கள் யாவும் மூடப்படும், ஆனால் இயங்குதளத்தின் கருவாகிய கெர்னல் மட்டும் முற்றிலும் ஓய்ந்துவிடாமல், தன் நினைவகத்தில் அந்தக் கணத்தில் இருந்ததை அப்படியே ஒரு கோப்பில் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு உறங்கும், மறுமுறை பொத்தானை அழுத்தும்போது, ஆதியிலிருந்து யாவற்றையும் கட்டியெழுப்பாமல், அந்தக் கோப்பை வாசித்து விட்ட இடத்திலிருந்து தொடரும். 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 விற்பனைக்கு வந்தபோது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயரில் இந்த ஏற்பாடும் உடன் வந்தது. பின்வந்த பதிப்புகளிலும் பெரும்பாலான மடிக்கணினிகளில் யாரும் கேளாமலே இது இயங்கிக்கொண்டிருக்கிறது. முதல் தவணையில் வழங்கப்பட்ட யந்திரங்களில் இருந்த விண்டோஸ் 7-க்கு இந்தப் பழக்கம் கிடையாது. அதில் ஹைபர்னேட் என்று தனியாக ஒரு தேர்வு உண்டு, அதை அழுத்தியவர்களுக்கு மட்டுமே இந்தத் தொல்லை நேர்ந்தது. பிற்காலத்து யந்திரங்களைப் பெற்றவர்களும், பழையதில் புது விண்டோஸ் ஏற்றிக்கொண்டவர்களும் ஒன்றும் செய்யாமலே இதில் அகப்பட்டுக்கொண்டார்கள்.

விண்டோஸ் இப்படி உறங்குவதால் லினக்ஸுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அதற்கு விடை காண, என்டிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை கணக்கெழுதும் கிரமத்தை அறிந்துகொள்ள வேண்டும். 1993-இல் விண்டோஸ் என்டி-யுடன் பிறந்த இந்த முறைமை, பருத்திக் கமிஷன் மண்டியின் கணக்குப்பிள்ளையைப் போல, எந்த மாற்றத்தையும் முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு, பிறகே பேரேட்டில் ஏற்றுகிறது. நடுவே ஏதேனும் இடையூறு நேர்ந்தாலும், சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துவிடலாம் என்பதே இதன் பிரயோஜனம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பில் உறங்கும் விண்டோஸோ, சிட்டையில் குறித்த சிலவற்றைப் பேரேட்டில் ஏற்றாமலும், பேரேட்டின் சில பக்கங்களைத் தன் ஞாபகத்திலேயே வைத்துக்கொண்டும் கடையை விட்டுப் போன கணக்குப்பிள்ளை. அந்த நேரத்தில் லினக்ஸ் உள்ளே புகுந்து பேரேட்டில் ஒரு புதிய வரவை எழுதிவிட்டால், மறுநாள் திரும்பி வரும் பழையவர், தம் ஞாபகத்திலுள்ள பக்கத்தையே மெய்யென்று நம்பி அதன் மேல் எழுதுவார். லினக்ஸ் எழுதிய கோப்பும் போகும், அதன் அயலில் இருந்த பழைய கோப்புகளும் உடன் சிதையக்கூடும்.

இந்த விபரீதத்தைத் தவிர்க்கவே லினக்ஸின் என்டிஎஃப்எஸ் டிரைவர்கள் அத்தகைய பகுதியில் எழுத மறுக்கின்றன. ஹங்கேரியரான சபோல்ச் சகாசிட்ஸ் முன்னின்று உருவாக்கி, 2007-இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட என்டிஎஃப்எஸ்-3ஜி, விண்டோஸ் உறக்கத்தில் இருப்பதைக் கண்டதும் எழுதும் உரிமையைக் கைவிட்டு, படிப்பதற்கு மட்டும் திறந்து தரும், அல்லது திறக்க மறுத்துக் காரணத்தைச் சொல்லும். பாரகன் நிறுவனம் எழுதி, 2021-இல் லினக்ஸ் கெர்னலின் 5.15 பதிப்பில் சேர்க்கப்பட்ட புதிய டிரைவரோ, சுத்தமாக மூடப்படவில்லை என்ற குறி பகுதியின் மேல் இருந்தால், வற்புறுத்தினாலன்றித் திறப்பதில்லை. ஆக, சர்வீஸ் கடையில் டிஸ்க்கின் மரணம் என்று அறிவிக்கப்பட்டது, ஓர் இயங்குதளம் மற்றொன்றின் உடைமையைக் காப்பதற்காகக் காட்டிய கண்ணியம். மறுப்புச் செய்தியில் விண்டோஸ் ஹைபர்னேட் ஆகியிருப்பதாகத் தெளிவாகவே எழுதியிருக்கும். அந்த மூன்று வரி ஆங்கிலத்தைப் பொறுமையாக வாசிப்பவர்கள் மிகச் சிலரே என்பது வேறு விஷயம்.

இதற்குப் பரிகாரம் மிக எளியது. ஆனால் சாமானிய அறிவுக்குச் சற்று முரணானது. ஷட் டவுன் என்பது முழு ஓய்வு, ரீஸ்டார்ட் என்பது அரை ஓய்வு என்று நாம் நினைக்கிறோம். விண்டோஸ் 8-க்குப் பிறகு நடப்பது இதற்கு நேர் எதிரானது. ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் கெர்னலையும் முறையாக மூடி, கணக்கை முடித்துவிட்டே மறுபடி எழுகிறது. ஆகவே விண்டோஸுக்குள் சென்று, ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால், காலையில் செத்துப்போன டி டிரைவ் மத்தியானத்தில் உயிரோடு இருக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் அதே பலன். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் என்னும் இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிரந்தரமாக நீக்கிவிட்டால் தொல்லை அடியோடு தீரும். இரண்டு இயங்குதளங்களை வைத்திருப்பவர் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. தொடங்கும்போது சில விநாடி தாமதமாகுமே என்று வருந்துவோர், அந்த விநாடிகளை எதற்குச் செலவிட உத்தேசித்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

இடையில் ஒரு வார்த்தை. இதே யந்திரங்களில் லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிந்தி நிற்பதைக் கண்டு, மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டதென்று புதிது மாற்றியவர்கள் உண்டு. யந்திரத்தினுள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகவும் லினக்ஸ் கிரீன்விச் நேரமாகவும் கொள்வதால் விளையும் வேடிக்கை அது; பேட்டரிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

விண்டோஸின் உறக்கமல்லாத வேறொரு காரணத்தாலும் டி டிரைவ் திறக்க மறுக்கலாம். சென்னை நீங்கலாகத் தமிழ்நாட்டு மாவட்டங்கள் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரமின்றி இருந்த 2012-ஆம் ஆண்டையொட்டிய காலத்தை மறந்திருக்க மாட்டோம். பேட்டரி நல்ல நிலையில் இருந்தவரை மடிக்கணினிகள் அந்தச் சோதனையைத் தாண்டின. பேட்டரி தேய்ந்து, சதா ஒயரிலேயே இயங்கவேண்டிய வயது வந்த பிறகு, மின்வெட்டின் ஒவ்வொரு கணமும் அவற்றுக்கு ஒரு திடீர் மரணமாயிற்று. அப்போது பகுதியின் மேல் ‘சுத்தமில்லை’ என்ற குறி எஞ்சிவிடும். இதனை விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையால் நீக்குவதே முறை, ஏனெனில் தன் சிட்டையை முழுதாக வாசிக்கத் தெரிந்தது விண்டோஸ். லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்றொரு கருவி உண்டு. பெயர் பெரிதாயினும் அதன் வேலை சிறியது, சில சாதாரணப் பிழைகளைத் திருத்தி, சிட்டையைக் காலியாக்கி, அடுத்த முறை விண்டோஸ் சோதிக்கட்டும் என்று குறித்து வைப்பதோடு சரி. விண்டோஸே இல்லாமற் போன யந்திரத்தில் வேறு வழியின்றி அதை நாடலாம். மற்றபடி முதல் உபாயமாக அதைக் கைக்கொள்வது உசிதமன்று.

இனி, கோப்பு முறைமைக்குக் கீழே உள்ள அட்டவணையைப் பார்ப்போம். இந்த மடிக்கணினிகளில் நிகழ்ந்த உண்மையான நாசங்களுள் பல இங்கேதான் விளைந்தன என்று கருதுகிறேன். 1983-இல் ஐபிஎம் நிறுவனம் 10 மெகாபைட் டிஸ்க்கோடு பிசி எக்ஸ்டி-யை வெளியிட்டபோது, டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளில் 446-ஐத் தொடக்க நிரலுக்கும், 64-ஐப் பிரிவுகளின் அட்டவணைக்கும், கடைசி 2-ஐ அடையாளக் குறிக்கும் ஒதுக்கும் சம்பிரதாயம் உருவாயிற்று. ஒரு பிரிவை விவரிக்க 16 பைட்டு வேண்டுமாதலால் 64 பைட்டில் நான்கு பிரிவுகளுக்கே இடம். 10 மெகாபைட்டை நான்குக்கு மேல் பிரிக்க எவருக்குத் தோன்றும் என்று அன்று எண்ணியிருப்பார்கள். அதனினும் பல்லாயிரம் மடங்கு பெரிய டிஸ்க்கை உடைய மடிக்கணினி அந்த நான்கு இடங்களோடு பேரையூர் வந்தபோது, விண்டோஸுக்கு ஒன்றிரண்டு, லினக்ஸுக்கு ஒன்றிரண்டு என்று அவை விரைவில் நிறைந்துவிட்டன.

பாட்டுக்கும் படத்துக்கும் தனியிடம் வேண்டுமென்று மாணவன் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஐந்தாவதாக ஒன்றை உண்டாக்க முயல்வான். விண்டோஸ் மறுக்காது, டிஸ்க்கை டைனமிக் ஆக மாற்றலாமா என்று வினவும், அவன் எஸ் என்பதை அழுத்துவான். அந்த ஒரு சொடுக்கில், அட்டவணையில் என்டிஎஃப்எஸ்ஸுக்குரிய 07, லினக்ஸுக்குரிய 83 என்றிருந்த வகை எண்கள் மறைந்து 42 என்றாகிவிடும். பிரிவுகளின் மெய்யான விவரம் டிஸ்க்கின் கோடியிலுள்ள 1 மெகாபைட் அளவுள்ள தனிப் பதிவேட்டுக்கு இடம் பெயரும். தன் பழைய எண்ணைக் காணாத லினக்ஸ் பெரும்பாலும் தொடங்காது, தொடங்கினாலும் பிரிவுகளை அடையாளம் காணாது. பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் காட்டும் வழியோ எல்லாப் பிரிவுகளையும் அழித்துவிட்டு வருவது. கோப்புகளில் ஒரு பைட்டும் மாறாதிருக்க, வகை எண் மாறியதால் மட்டுமே டிஸ்க் படிக்க இயலாததாகிவிட்ட இந்த அவஸ்தையை யாரேனும் விரல்சுட்டி விளக்கியிருந்தால், ஃபார்மேட் என்ற யோசனைக்கு அங்கே இடமே இருந்திராது.

எதிர்த்திசையிலும் ஓர் அபாயம் உண்டு. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை விண்டோஸ் தானாகப் படிக்க அறியாது. அத்தகைய பகுதிக்கு எப்படியோ ஒரு டிரைவ் எழுத்து கிடைத்துவிட்டால், அதைச் சொடுக்கியதும், பயன்படுத்துமுன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று விண்டோஸ் மிகுந்த மரியாதையோடு கேட்கும். தமக்குப் புரியாத மொழியில் எழுதிய புத்தகத்தைக் கண்டு, இது வெற்றுத்தாள், எரித்துவிடலாமா என்று எவரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் உலகில் அந்தக் கேள்வி நாள்தோறும் கேட்கப்படுகிறது, ஆம் என்ற பதிலும் கிடைக்கிறது.

ஆனாலும் அட்டவணை அழிந்த மாத்திரத்தில் யாவும் அழிந்துவிடுவதில்லை. என்டிஎஃப்எஸ் தன் தொடக்க செக்டாரின் பிரதியொன்றைப் பகுதியின் கடைசி செக்டாரில் வைத்திருக்கிறது. எக்ஸ்ட்4 தன் தலைமைப் பதிவைப் பகுதியின் தொடக்கத்திலிருந்து 1024 பைட் தள்ளி எழுதுவதோடு, இடையிடையே பல இடங்களில் அதற்குப் பிரதிகளும் வைக்கிறது. ஜிபிடி என்னும் புதிய அட்டவணை முறையில் டிஸ்க்கின் இறுதியில் முழு அட்டவணைக்குமே ஒரு நகல் உண்டு. கிறிஸ்தோஃப் கிரெனியர் எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்னும் இலவச நிரல், டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை துழாவி, இந்த அடையாளங்களைக் கொண்டு பிரிவுகளின் எல்லைகளை மீட்டுத் தருகிறது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: ஃபார்மேட் செய்தபின் அதன்மேல் புதிதாக எதுவும் எழுதியிருக்கலாகாது. சுழலும் டிஸ்க்கில் இது நம்முடைய சிரத்தையைப் பொறுத்தது. எஸ்எஸ்டி வகையில் அந்த அவகாசமும் கிடைப்பதரிது. ஃபார்மேட் செய்யும்போதே டிரிம் என்னும் கட்டளை சென்று, பழைய தரவை டிஸ்க்கே துடைத்துவிடுகிறது.

பூட்டையும் கன்ட்ரோலரையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், டிஸ்க் தானாகவே மறைகுறியாக்கம் பெறுகிறது. அத்தகைய பகுதியைத் திறக்க லினக்ஸ் கேட்பது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியை. சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அந்தக் கணக்கின் கடவுச்சொல் கம்ப்யூட்டரை வாங்கித் தந்த சித்தப்பாவின் ஞாபகத்தில் இருக்கும். டிஸ்க்கே லினக்ஸின் கண்ணில் படாமல், விண்டோஸில் மட்டும் செவ்வையாக இயங்கினால், பயாஸில் கன்ட்ரோலர் ரெய்டு நிலையில் உள்ளதா, ஏஹெச்சிஐ நிலையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். முன்யோசனையின்றி அதை மாற்றினால் விண்டோஸ் தொடங்காமற் போகலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது மெய்யான நோய். மடிக்கணினி டிஸ்க்குகளில் வழக்கமான நிமிடத்துக்கு 5400 சுற்று என்பது விநாடிக்கு 90 சுற்று. அந்த வேகத்தில் சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் தலை, பைக்கின் பெட்ரோல் டேங்க்கின் மேல் பையில் வைத்துக் கொண்டுபோன ஒரு மடிக்கணினியில், ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே ஒரு வேகத்தடையைத் தாண்டினால் என்ன ஆகுமென்று சொல்லத் தேவையில்லை. டக், டக் என்று சீரான ஒலி, ஒரு கோப்பைத் திறக்கப் பல நிமிடம் பிடிப்பது, கெர்னலின் குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப வரும் வாசிப்புப் பிழைகள் ஆகியவை இதன் குணங்கள். ஸ்மார்ட் என்ற பெயரில் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவரும் குறிப்பை ஸ்மார்ட்சிடிஎல் என்னும் நிரலால் வாசிக்கலாம். அதில் மாற்றிடம் பெற்ற செக்டார்கள், தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டார்கள் என்ற இரண்டு எண்ணிக்கைகளைக் கவனிக்க வேண்டும். பின்னது பூஜ்யமாக இல்லாமல் நாளுக்கு நாள் ஏறினால், நோய் பிரத்தியட்சம். ஒயரில் பிழை நேர்ந்த எண்ணிக்கை மட்டும் ஏறினால், டிஸ்க்கில் குற்றமில்லை, இணைப்பைக் கழற்றித் திரும்பப் பொருத்தினாலே போதும்.

நோயுற்ற டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டலாகாது. ஆரோக்கியமான டிஸ்க்கில் கணக்கைச் செம்மை செய்யும் அதே கருவி, சாகும் தறுவாயில் உள்ளதை மணிக்கணக்கில் அலைக்கழித்து, படிக்க முடிந்த கோப்புகளையும் உடைந்தவை என்று துண்டித்துவிடும். முதலில் வேறொரு டிஸ்க்கிற்கு நகல் எடுத்துக்கொண்டு, பழுதுபார்க்கும் பணிகள் யாவற்றையும் அந்த நகலின் மேல்தான் செய்ய வேண்டும். அந்தோனியோ தியாஸ் தியாஸ் 2004-இல் தொடங்கிய ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ இதற்கென்றே எழுதப்பட்டது. சாதாரண நகல் நிரல்கள் முதல் பிழையிலேயே முட்டி நிற்க, இது பிழை கண்ட இடத்தைத் தாண்டிக் குதித்து, எளிதில் கிடைப்பவற்றையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, பிறகு திரும்பி வந்து சிக்கலான இடங்களைச் சிறுகச் சிறுகச் சுரண்டுகிறது. எதுவரை எடுத்தாயிற்று, எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் அவ்வப்போது குறித்துவருவதால், நள்ளிரவில் மின்சாரம் போய் யந்திரம் அணைந்துவிட்டாலும், மீண்டும் வந்ததும் அதே கட்டளையைக் கொடுத்தால், ஏற்கெனவே எடுத்ததை மறுபடி தொடாமல் அங்கிருந்தே தொடரும்.